முதல் வால்வு ஆம்ப்: ஃபெண்டர் 5எஃப்1 சர்க்யூட்டைக் கையால் கட்டுவது

கிட்டார் வாசிக்கிறவர்களில் சிலருக்கு ஒரு கட்டத்தில் இந்த ஆசை வந்துவிடும்: கண்ணாடிக் குழல் வால்வுகளால் கிட்டார் ஒலியைப் பெருக்கும் வால்வு ஆம்ப் ஒன்றை நாமே கட்டினால் என்ன? சால்டர் வைக்கத் தெரியும், மல்டிமீட்டரில் வோல்ட் அளக்கத் தெரியும், அவசரப்படாத சுபாவம் என்றால் தாராளமாகக் கட்டலாம். எதைக் கட்டுவது என்பதில்தான் பலர் தடுமாறுகிறார்கள். இரண்டு சேனல், ரிவெர்ப், நாலைந்து வால்வு என்று பெரிதாக ஆரம்பித்து, பாதியில் அட்டைப்பெட்டிக்குள் போய் முடங்கிய ஆம்ப்கள் நிறைய. முதல் தடவைக்கு நான் சொல்வது ஒன்றே ஒன்றுதான்: ஃபெண்டர் சாம்ப். அதிலும் 1950களின் பிற்பகுதியில் வந்து 1960களின் தொடக்கம் வரை ஓடிய 5எஃப்1.

கலிஃபோர்னியாவின் ஃபுல்லர்டனில் ரேடியோ ரிப்பேர் கடை வைத்திருந்த லியோ ஃபெண்டர், பழகுபவர்களுக்காகவே போட்ட சின்ன ஆம்ப் இது. பெயரிலேயே விவரம் இருக்கிறது. 5 என்றால் ஐம்பதுகள், எஃப் என்றால் எத்தனையாவது திருத்தம், 1 என்றால் சாம்ப் மாடல். மூன்றே வால்வு, 8 அங்குல ஸ்பீக்கர், ஏறக்குறைய 5 வாட். மேல்பக்கத்தில் இருப்பது ஒரே ஒரு வால்யூம் குமிழ். அதன் எண் 10-இல் நிற்காமல் 12 வரை போகும். உள்ளே ரெசிஸ்டர் ஒரு டஜன், கெபாசிட்டர் அரை டஜன். ஒவ்வொரு பாகமும் என்ன செய்கிறது என்று ஒருவர் முழுதாக மனதில் வைத்துக்கொள்ளக்கூடிய அளவு. இதனால்தான் முதல் ஆம்பாக இதைச் சொல்கிறேன்.

பழைய டிசைனைப் பார்த்துக் கட்டுவதில் கூச்சம் வேண்டாம். ஜிம் மார்ஷலின் லண்டன் கடையில் 1962-இல் உருவான ஜேடிஎம்45 ஆம்ப், ஃபெண்டர் பேஸ்மேன் 5எஃப்6-ஏ சர்க்யூட்டைக் கிட்டத்தட்ட அப்படியே எடுத்துக்கொண்டதுதான். அந்தத் தொழிலே அப்படித்தான் வளர்ந்தது.

ஆனால் எதைக் காப்பியடிப்பது, எதை மாற்றுவது என்பதில் ஒரு கோடு போட்டுக்கொள்ளுங்கள். கிட்டார் ஒலி போகும் பாதையில் எதையும் மாற்றாதீர்கள். அந்தக் காலத்து மதிப்பு எதுவோ அதையே போடுங்கள். சுவர் பிளக்கிலிருந்து டிரான்ஸ்ஃபார்மர் வரை உள்ள பாதையில் மட்டும் அந்தக் காலத்தைப் பின்பற்றவே கூடாது. அசல் சாம்ப்புக்கு எர்த் கிடையாது, இரண்டு முனை பிளக்தான். ஆன்-ஆஃப் சுவிட்ச் வால்யூம் குமிழின் முதுகில் இருக்கும். அதாவது மெயின் கரண்ட், மிக மெல்லிய சிக்னல் ஓடும் இடத்துக்கே வந்து போகும். இந்த இரண்டையும் விட்டுத் தள்ளுங்கள்.

முதலில் உயிர்

இந்த ஆம்புக்குள் 350 வோல்ட் அளவுக்கு டிசி ஓடுகிறது. பிளக்கைப் பிடுங்கிய பிறகும், டிசியைச் சீராக்கும் ஃபில்டர் கெபாசிட்டர்கள் அதைப் பிடித்து வைத்திருக்கும். இதைப் படித்துவிட்டு "சரி, கவனமாக இருப்போம்" என்று நகர்ந்தால் போதாது, பழக்கமாக்க வேண்டும்.

10 கிலோ ஓம், 5 வாட் ரெசிஸ்டர் ஒன்றின் இரு முனையிலும் இன்சுலேஷன் போட்ட வயரை வைத்து, முனைகளில் முதலைக் கிளிப் மாட்டி வைத்துக்கொள்ளுங்கள். ஆம்பைத் திறக்கும்போதெல்லாம்: பிளக்கைப் பிடுங்கு, ஒரு கிளிப்பைச் சேசிஸில் (பாகங்களைத் தாங்கும் உலோகப் பெட்டியில்) மாட்டு, இன்னொன்றை முதல் ஃபில்டர் கெபாசிட்டரின் பிளஸ்ஸில் வை, சில விநாடி பொறு, பிறகு மீட்டரை வைத்துப் பூஜ்யம் என்று கண்ணால் பார். மீட்டர் காட்டிய பிறகுதான் விரல் உள்ளே போக வேண்டும். ஸ்குரூ டிரைவரை வைத்து ஷார்ட் செய்யும் வேலை வேண்டாம். கெபாசிட்டரும் கெடும், தெறிக்கும் பொறி கண்ணையும் பதம் பார்க்கும்.

கட்டும்போதே முதல் ஃபில்டர் கெபாசிட்டருக்குக் குறுக்கே 220 கிலோ ஓம், 2 வாட் ரெசிஸ்டர் ஒன்றை நிரந்தரமாகப் போட்டுவிடுங்கள். அசலில் இது கிடையாது. அணைத்த அரை நிமிஷம், ஒரு நிமிஷத்தில் எல்லாம் தானாக வடிந்துவிடும், ஒலியில் எந்த வித்தியாசமும் வராது. அப்படியும் மேலே சொன்ன கிளிப் வேலையை விடக்கூடாது, ரெசிஸ்டரும் ஒரு நாள் கழன்று போகலாம்.

ஓடும் ஆம்பில் அளக்கும்போது மீட்டரின் கறுப்பு முனையைக் கிளிப்பால் சேசிஸில் மாட்டிவிட்டு, ஒரே கையால் சிவப்பு முனையைப் பிடியுங்கள். இன்னொரு கை பாக்கெட்டில் இருக்கட்டும். மோதிரம், கைச்சங்கிலி, ஈரக்கால், வெறுங்கால் எதுவும் வேண்டாம். தூக்கம் வரும் நேரத்தில் இந்த வேலையைத் தொடாதீர்கள்.

ஒலி எந்த வழியில் போகிறது

சர்க்யூட் படம் இணையத்தில் எளிதாகக் கிடைக்கும். அதைப் பிரிண்ட் எடுத்து, பென்சிலால் பாதையை நீங்களே ஒருமுறை வரைந்து பாருங்கள்.

கிட்டாரிலிருந்து வரும் சிக்னல் 68 கிலோ ஓம் ரெசிஸ்டர் வழியே 12ஏஎக்ஸ்7 வால்வின் முதல் பாதிக்குப் போகிறது. இந்த வால்வு ஒரே கண்ணாடிக்குள் இரண்டு வால்வு. முதல் பாதி சிக்னலைப் பல மடங்கு பெருக்கி, பிளேட் என்னும் முனையில் தருகிறது. பிளேட்டில் நூறு வோல்ட்டுக்கு மேல் டிசி இருப்பதால் 0.02 மைக்ரோஃபாரட் கெபாசிட்டர் ஒன்று நடுவில் நின்று, டிசியை மறித்து ஒலியை மட்டும் வால்யூமுக்கு அனுப்புகிறது. அங்கிருந்து வால்வின் இரண்டாம் பாதி, மறுபடி ஒரு 0.02, அப்புறம் 6வி6ஜிடி. இதுதான் உழைக்கிற வால்வு. இதன் பிளேட்டிலிருந்து அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மர், அங்கிருந்து ஸ்பீக்கர். அவ்வளவுதான் பாதை.

திரும்பி வரும் வயர் ஒன்றும் உண்டு. ஸ்பீக்கரிலிருந்து 22 கிலோ ஓம் வழியாக 12ஏஎக்ஸ்7-இன் இரண்டாம் பாதியில் கேதோடு என்னும் முனைக்குக் கொஞ்சம் சிக்னல் எதிர்த்திசையில் ஊட்டப்படுகிறது. இந்த நெகடிவ் ஃபீட்பேக் ஒலியைச் சற்று அடக்கிச் சீராக்கும். ஆம்பை முதல்முறை ஓட்டும்போது வரும் பெரிய கலாட்டாவுக்கும் இதுவே காரணமாகலாம். அது பின்னால் வருகிறது.

மூன்றாவது வால்வு 5ஒய்3ஜிடி, ரெக்டிஃபையர். ஏசியை டிசியாக்குவது மட்டும்தான் இதன் வேலை. ஆனால் இழுத்து அடிக்கும்போது வோல்டேஜ் கொஞ்சம் தொய்ந்து எழுவது, ஒலியில் ஒரு நெகிழ்வாகக் காதில் விழும். அதற்காகவே இதை டயோடாக மாற்றாமல் வைத்திருக்கிறோம். இன்னொரு காரணமும் உண்டு: டயோடு போட்டால் வோல்டேஜ் ஏறி 6வி6 வெந்துவிடும்.

சாமான்

எல்லாப் பாகமும் சேர்த்துக் கிட்டாகவே விற்கிறார்கள். முதல் தடவை என்றால் கிட் வாங்குவதில் தப்பில்லை. சேசிஸில் ஓட்டை போடும் வேலை மிச்சம். எப்படி வாங்கினாலும் பவர் டிரான்ஸ்ஃபார்மரில் கண் இருக்கட்டும். அமெரிக்கக் கிட்களில் வருவது 120 வோல்ட், 60 ஹெர்ட்ஸ் டிரான்ஸ்ஃபார்மராக இருக்கலாம். ஸ்டெப்-டவுன் போட்டு நம் ஊரில் ஓட்டலாம் என்று தோன்றும். வோல்ட் சரியாகும், ஹெர்ட்ஸ் ஆகாது. 60 ஹெர்ட்ஸுக்கு மட்டும் கணக்குப் போட்டுச் சுற்றியது 50 ஹெர்ட்ஸில் கொதிக்கும், உறுமும். 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ் என்று எழுதியதையே வாங்குங்கள்.

டிரான்ஸ்ஃபார்மர் சுற்றித் தருகிறவர் தெரிந்தால் அவரிடமே கொடுக்கலாம். பவர் டிரான்ஸ்ஃபார்மருக்குக் கேட்க வேண்டியது: பிரைமரி 230, செகண்டரி 325-0-325 வோல்ட், 70 மில்லிஆம்பியர்; 6.3 வோல்ட், 2 ஆம்பியர், நடு டேப்புடன் (சுற்றின் நடுவிலிருந்து எடுத்த வயர்); 5 வோல்ட், 2 ஆம்பியர். அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மர் கொஞ்சம் நுணுக்கமான வேலை. பிரைமரி ஏறக்குறைய 7 அல்லது 8 கிலோ ஓம் இம்பீடன்ஸ், செகண்டரி 4 ஓம். இதில் ஒரே ஒரு 6வி6 இருப்பதால் அதன் 40 மில்லிஆம்பியர் டிசி எப்போதும் பிரைமரி வழியே ஓடிக்கொண்டே இருக்கும். சாதாரணமாக அடுக்குவதுபோல ஈ தகடும் ஐ தகடும் மாற்றி மாற்றி அடுக்கினால் கோர் நிறைந்துபோய் அடித்தொனி செத்துவிடும். ஈ தகடெல்லாம் ஒரு பக்கம், ஐ தகடெல்லாம் மறுபக்கம், நடுவில் மெல்லிய காகிதம் என்று இடைவெளி விட்டு அடுக்க வேண்டும். வால்வு ரேடியோவில் கை வைத்த பழைய மெக்கானிக்குகளுக்கு இதைச் சொன்னதும் புரியும்.

ஃபில்டர் கெபாசிட்டர்கள் அசலில் 16, 8, 8 மைக்ரோஃபாரட், 450 வோல்ட். மதிப்பை அப்படியே வையுங்கள்; வோல்டேஜ் மட்டும் 500 ஆக இருக்கட்டும். ஏன் என்றால், சுவிட்ச் போட்டதும் 5ஒய்3 சட்டென்று சூடாகி டிசி தர ஆரம்பித்துவிடும், 6வி6 சூடாகி இழுக்கத் தொடங்கச் சில விநாடி ஆகும். அந்த இடைவெளியில் சுமையே இல்லாததால் வோல்டேஜ் 325-ஐ 1.41-ஆல் பெருக்கிய அளவுக்கு, அதாவது 460-க்குப் பக்கமாக ஏறும். 450 வோல்ட் கெபாசிட்டர் ஒவ்வொரு முறையும் எல்லையைத் தாண்டி மூச்சுப் பிடிக்கும். அதேபோல முதல் கெபாசிட்டரை 47 அல்லது 100 என்று பெரிதாக்கினால் ஹம், அதாவது பின்னணி உறுமல், குறையும் என்று நினைத்துப் போடாதீர்கள். 5ஒய்3 தாங்காது. 20-க்கு மேல் போக வேண்டாம்.

ரெசிஸ்டர், வயர், டேக் ஸ்ட்ரிப் (சால்டர் வைக்கும் உலோக முனைகள் வரிசையாக உள்ள பட்டை), ஃபியூஸ் ஹோல்டர், சுவிட்ச் எல்லாம் சென்னையில் ரிச்சி தெரு மாதிரி எலக்ட்ரானிக்ஸ் சந்தைகளில் சல்லிசாக வாங்கலாம். வால்வு, வால்வு சாக்கெட், 500 வோல்ட் கெபாசிட்டர், 8 அங்குல கிட்டார் ஸ்பீக்கர் இவற்றுக்காகத் தெருத் தெருவாக அலைவதைவிட இணையத்தில் வரவழைப்பதே மேல். 6வி6ஜிடி, 12ஏஎக்ஸ்7 இரண்டும் இன்றும் புதிதாகத் தயாராகின்றன. பழைய சரக்கு என்று சொல்லி மூன்று மடங்கு விலை கேட்பவரிடம் முதல் ஆம்புக்கு வாங்கத் தேவையில்லை. கெபாசிட்டர் பிராண்டு பற்றி வரும் சண்டைகளுக்கும் அதே பதில்தான். பழைய 0.02-க்கு இன்று கிடைக்கும் 0.022, 600 வோல்ட், நல்ல பாலியெஸ்டர் அல்லது பாலிப்ரொப்பிலீன் போதும். காசு மிச்சமானால் ஸ்பீக்கரில் போடுங்கள், காதுக்குத் தெரியும்.

6வி6 கேதோடில் வரும் 470 ஓம் ரெசிஸ்டர் முக்கால் வாட் அளவுக்கு எப்போதும் சூட்டை வெளியேற்றும். அதை 5 வாட்டாகப் போட்டு, பாகங்களைப் பொருத்தும் போர்டிலிருந்து கொஞ்சம் தூக்கி நிறுத்துங்கள். பக்கத்தில் 25 மைக்ரோஃபாரட் கெபாசிட்டரை ஒட்டி வைத்தால் அது வறண்டு சீக்கிரம் போய்விடும்.

கட்டும் வரிசை

எந்த வரிசையில் கட்டுகிறோம் என்பது முக்கியம். கீழே அமுங்கிக் கிடக்க வேண்டிய வயரை முதலில் போட வேண்டும்.

சேசிஸில் சாக்கெட், ஜாக், டிரான்ஸ்ஃபார்மர், சுவிட்ச், ஃபியூஸ் எல்லாவற்றையும் பூட்டிவிட்டு, முதலில் மெயின் பக்கம். கம்ப்யூட்டர் சிபியுவில் இருக்கிற மாதிரி மூன்று முனை பவர் சாக்கெட்டைப் பின்பக்கம் பொருத்துங்கள். எர்த் வயர் சேசிஸில் தனியாக ஒரு போல்ட்டுக்குப் போக வேண்டும். டிரான்ஸ்ஃபார்மரைப் பிடிக்கும் போல்ட்டிலேயே சேர்த்து மாட்டிவிடலாம் என்று நினைக்காதீர்கள். அந்த இடத்தில் பெயிண்ட்டைச் சுரண்டி, நட்சத்திர வாஷர் வைத்து, இரண்டு நட்டு போட்டு இறுக்குங்கள். லைன் வயர் முதலில் ஃபியூஸ் ஹோல்டரின் உள்முனைக்கு, அங்கிருந்து சுவிட்சுக்கு, பிறகு டிரான்ஸ்ஃபார்மருக்கு. 230 வோல்ட்டில் இந்த ஆம்புக்கு 500 மில்லிஆம்பியர் ஸ்லோ-ப்ளோ ஃபியூஸ் போதும். லைன், நியூட்ரல் இரண்டையும் வெட்டும் சுவிட்ச் நல்லது.

அடுத்தது ஹீட்டர், வால்வை உள்ளிருந்து சூடாக்கும் கம்பி. 6.3 வோல்ட் வயர் இரண்டையும் நெருக்கமாக முறுக்கி, சேசிஸின் மூலையோடு ஒட்டிக் கொண்டுபோய், 6வி6-இன் 2, 7 பின்களுக்கும், 12ஏஎக்ஸ்7-இல் 4, 5 இரண்டையும் சேர்த்து ஒரு முனை, 9 இன்னொரு முனை என்றும் கொடுங்கள். பின் எண்ணும்போது சாக்கெட்டின் அடிப்பக்கம் பார்த்து, கடிகாரம் சுற்றும் திசையில் எண்ண வேண்டும். எட்டுப் பின் சாக்கெட்டில் நடு ஓட்டையின் வெட்டிலிருந்து, ஒன்பது பின் சாக்கெட்டில் பெரிய இடைவெளியிலிருந்து ஆரம்பம். அசல் சாம்ப்பில் ஹீட்டரின் ஒரு முனையைச் சேசிஸிலேயே மாட்டி வயர் மிச்சம் பிடித்தார்கள். ஹம்முக்கு அதுவும் ஒரு காரணம். உங்கள் டிரான்ஸ்ஃபார்மரில் நடு டேப் இருந்தால் அதை எர்த் செய்யுங்கள். இல்லையென்றால் ஒவ்வொரு முனையிலிருந்தும் 100 ஓம் ரெசிஸ்டர் ஒன்றைச் சேசிஸுக்குப் போட்டால் அதே பலன்.

5 வோல்ட் வயர் ரெக்டிஃபையரின் 2, 8 பின்களுக்கு. 325 வோல்ட் வயர் இரண்டும் 4, 6-க்கு. டிசி வெளியே வருவது 8-இலிருந்து. எட்டாம் பின்னில் 5 வோல்ட்தானே என்று தொட நினைக்காதீர்கள். அதில்தான் 350 வோல்ட்டும் இருக்கிறது.

இப்போது போர்டு. அசலில் கறுப்பு ஃபைபர் அட்டையில் சின்னக் குழல் ஆணி அடித்து, அதில் பாகங்களைச் செருகினார்கள். இன்று சின்ன உலோகத் தூண்கள் பதித்த டர்ரெட் போர்டோ சாதாரண டேக் ஸ்ட்ரிப்போ போதும். பாகங்களை மேஜையிலேயே போர்டில் போட்டு முடித்து, ஒவ்வொரு ரெசிஸ்டரையும் மீட்டரால் ஒருமுறை அளந்துவிட்டு, பிறகு சேசிஸில் இறக்குங்கள். 1.5 கிலோ இருக்க வேண்டிய இடத்தில் 15 கிலோ போவது சகஜம். எலக்ட்ரோலிடிக் கெபாசிட்டரின் மைனஸ் கோடு எந்தப் பக்கம் என்று இரண்டு முறை பாருங்கள்; திருப்பிப் போட்டால் வெடிக்கும்.

சால்டர் வைக்கும்போது வயரை டேக்கின் ஓட்டையில் நுழைத்து, ஒரு மடி மடித்து, இடுக்கியால் அமுக்கிவிடுங்கள். ஈயம் இல்லாமலே வயர் அசையாமல் நிற்க வேண்டும். அயர்ன் முனையை டேக்கில் வைத்து ஒன்றிரண்டு விநாடி சூடேறவிட்டு, ஈயக் கம்பியை அயர்னில் தொடாமல் எதிர்ப்பக்கம் டேக்கில் தொடுங்கள். சூடு சரியாக இருந்தால் ஈயம் தானாக ஓடி, வயரைச் சுற்றிப் படிந்து, மெல்லிய பளபளப்போடு நிற்கும். உருண்டையாகத் திரண்டு மங்கலாக நின்றால் அது ஒட்டவில்லை, சும்மா உட்கார்ந்திருக்கிறது. மறுபடி சூடாக்குங்கள். 25 வாட் அயர்னில் இந்த வேலை திணறும்; 50, 60 வாட் வேண்டும்.

வயர் ஓட்டத்தில் இரண்டு விதி. 6வி6 பிளேட்டிலிருந்து அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மருக்குப் போகும் வயர், 12ஏஎக்ஸ்7-இன் கிரிட் வயர்களுக்குப் பக்கத்தில் போகக்கூடாது. கிரிட் வயர், அதாவது சிக்னல் நுழையும் 2, 7 பின்களுக்குப் போவது, எவ்வளவு குட்டையோ அவ்வளவு நல்லது. ஹீட்டர் வயரைக் கடந்தே தீர வேண்டும் என்றால் குறுக்கே செங்குத்தாகக் கடக்கட்டும், கூடவே ஓடக்கூடாது.

கிரவுண்டையும் இரண்டாகப் பிரியுங்கள். டிரான்ஸ்ஃபார்மரின் நடு டேப், முதல் இரண்டு ஃபில்டர் கெபாசிட்டர், 6வி6 கேதோடு, ஸ்பீக்கர் ஜாக் ஆகியவை பவர் டிரான்ஸ்ஃபார்மர் பக்கம் ஒரு புள்ளியில். 12ஏஎக்ஸ்7 தொடர்பானவையும் மூன்றாவது ஃபில்டரும் இன்புட் ஜாக் பக்கம் இன்னொரு புள்ளியில். கண்ட இடத்தில் சேசிஸில் ஒட்டினால் ஆம்ப் ஓடும், ஆனால் உறுமிக்கொண்டே ஓடும்.

முதல் கரண்ட்

கட்டி முடித்த அன்று ராத்திரியே ஆன் செய்யாதீர்கள். மறுநாள் காலையில் படத்தை எடுத்து, ஒவ்வொரு இணைப்பையும் மீட்டரில் பார்த்து, படத்தில் கலர் பென்சிலால் கோடு போட்டுக்கொண்டே வாருங்கள். முதல் ஃபில்டர் பிளஸ்ஸுக்கும் சேசிஸுக்கும் நடுவில் ஓம் அளந்தால் மெல்ல ஏறி 220 கிலோ பக்கம் போய் நிற்க வேண்டும்.

எலக்ட்ரீஷியன்கள் வைத்திருக்கும் சீரீஸ் லேம்ப் ஒன்று செய்துகொள்ளுங்கள். லைன் வயரின் நடுவில் பழைய குண்டு பல்பு ஒன்று. எல்இடி பல்பு இதற்கு ஆகாது. ஆம்புக்குள் ஷார்ட் இருந்தால் பல்பு முழு வெளிச்சத்தில் எரியும், டிரான்ஸ்ஃபார்மர் பிழைக்கும்.

முதலில் வால்வு எதுவும் இல்லாமல், 60 வாட் பல்போடு. பல்பு ஒரு மின்னல் காட்டி அணைந்தமாதிரி ஆக வேண்டும். ஏசியில் அளந்து பாருங்கள்: ஹீட்டரில் சுமையில்லாததால் 6.3-க்குக் கொஞ்சம் மேலே, ரெக்டிஃபையரின் 2-க்கும் 8-க்கும் நடுவே 5-க்குக் கொஞ்சம் மேலே, 4-இலும் 6-இலும் சேசிஸுக்கு 325-க்குச் சற்று மேலே. இரண்டு பக்கமும் ஏறக்குறைய ஒன்றாக இருக்க வேண்டும்.

சரி என்றால் அணைத்து, ஸ்பீக்கரை மாட்டுங்கள். ஸ்பீக்கர் இல்லாமல் வால்வு ஆம்பை ஓட்டவே கூடாது, அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மர் கருகும். பிறகு மூன்று வால்வையும் ஒன்றாகப் போடுங்கள். ரெக்டிஃபையரை மட்டும் போட்டுப் பார்க்கலாம் என்ற யோசனை வேண்டாம், மேலே சொன்ன 460 வோல்ட் கதைதான். பல்பை 100 வாட்டாக மாற்றி ஆன் செய்யுங்கள். பல்பு முதலில் பளிச்சென்று எரிந்து, வால்வுகள் சூடாகச் சூடாகக் கொஞ்சம் மங்கி, ஒரு நிதானமான வெளிச்சத்தில் நிற்கும். வால்வின் நடுவில் ஆரஞ்சுக் கம்பி தெரிவது நல்லது. 6வி6-இன் சாம்பல் நிறத் தகடு சிவக்க ஆரம்பித்தால் உடனே அணையுங்கள்.

எல்லாம் அமைதி என்றால் பல்பை எடுத்துவிட்டு நேரடி மின்சாரம். 6வி6-இன் 3-ஆம் பின்னில் 320 முதல் 360 வோல்ட் வரை, 8-இல் 17 முதல் 21 வரை, 12ஏஎக்ஸ்7-இன் 1, 6 பின்களில் 130 முதல் 190 வரை, 3, 8 பின்களில் ஒன்றிலிருந்து ஒன்றரை வோல்ட். 6வி6-இன் 5-ஆம் பின்னில் பூஜ்யம். அங்கே பிளஸ் வோல்ட் தெரிந்தால் முன்னால் இருக்கும் 0.022 கசிகிறது, அதை மாற்றும்வரை ஓட்டாதீர்கள்.

இப்போது ஒரு சின்னக் கணக்கு. கேதோடில் 19 வோல்ட் என்று வையுங்கள். 470-ஆல் வகுத்தால் 40 மில்லிஆம்பியர். அதில் வால்வின் இன்னொரு முனையான ஸ்கிரீனுக்கு 2 போக, பிளேட்டுக்கு 38. பிளேட்டில் 340, கேதோடு 19 கழித்தால் 321. பெருக்கினால் ஏறக்குறைய 12 வாட். 6வி6ஜிடிக்குப் பழைய கணக்கில் 12, பிந்தைய கணக்கில் 14 வாட் எல்லை. 12, 13 என்றால் நிம்மதி. 14-ஐத் தாண்டினால் 470-ஐ 560 ஆக்குங்கள், அப்பவும் இறங்கவில்லை என்றால் 680. இன்று புதிதாக வரும் 5ஒய்3 சில, பழையதைவிடக் குறைவாகவே வோல்டேஜை இறக்குகின்றன. அதனால் இந்தத் திருத்தம் அடிக்கடி தேவைப்படும்.

சத்தம் சரியில்லையா

ஆன் செய்ததும் காதைக் கிழிக்கும் கீச்சொலி வந்தால் பயப்படாதீர்கள். ஃபீட்பேக் எதிர்த்திசையில் போகாமல் அதே திசையில் சேர்கிறது. அணைத்து, கெபாசிட்டரை வடித்து, அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மரின் பிரைமரி வயர் இரண்டையும், வழக்கமாக நீலமும் சிவப்பும், இடம் மாற்றுங்கள். தீர்ந்தது. உறுதிப்படுத்த வேண்டும் என்றால் முதலில் 22 கிலோ ஓமின் ஒரு முனையை மட்டும் கழற்றிப் பாருங்கள், கீச்சொலி நின்றால் காரணம் அதுவேதான்.

ஹம் வந்தால் உடனே சால்டர் எடுக்காமல் முதலில் கேளுங்கள். வால்யூமைக் குறைத்தால் ஹம்மும் குறைகிறதா? அப்படியென்றால் முதல் பாதி வால்வில், இன்புட் ஜாக்கில், அல்லது அங்குள்ள கிரவுண்டில் கோளாறு. வால்யூமைத் தொட்டும் மாறவில்லை என்றால், அணைத்து 12ஏஎக்ஸ்7-ஐக் கழற்றிவிட்டு மறுபடி ஆன் செய்யுங்கள். போய்விட்டால் இரண்டாம் பாதி. போகவில்லை என்றால் ஃபில்டர் கெபாசிட்டர் அல்லது பவர் கிரவுண்ட். தடித்து அடியில் உறுமுவது 50 ஹெர்ட்ஸ், ஹீட்டர் பக்கம் தேடுங்கள். ரம்பம்போல விளிம்போடு கேட்பது 100 ஹெர்ட்ஸ், ரெக்டிஃபையருக்குப் பிறகு தேடுங்கள். கொஞ்சம் ஹம் எப்படியும் மிஞ்சும். இரண்டு அவுட்புட் வால்வு எதிரெதிராக உழைக்கும் ஆம்பில் ஹம் தன்னைத்தானே கொஞ்சம் அடித்துக்கொள்ளும், ஒற்றை வால்வில் அந்த வசதி இல்லை.

விட்டு விட்டுக் கரகரப்பு வந்தால் காய்ந்த ஐஸ்கிரீம் குச்சி ஒன்றால் ஆம்ப் ஓடும்போதே ஒவ்வொரு இணைப்பையும் மெல்லத் தட்டிப் பாருங்கள், கை சேசிஸுக்கு வெளியே இருக்கட்டும். தட்டியதும் சத்தம் மாறும் இடத்தில் சால்டர் சரியில்லை. 12ஏஎக்ஸ்7-ஐ லேசாகச் சுண்டும்போது மணிமாதிரி ஒலித்தால் வால்வையே மாற்றுங்கள். வால்யூம் திருப்பும்போது மட்டும் சரசரப்பு என்றால் முதல் 0.022 கசிந்து, குமிழில் டிசி வருகிறதா என்று அளந்து பாருங்கள்.

பெட்டியும் ஸ்பீக்கரும்

அசல் பெட்டி, மூலைகள் விரல் கோத்த மாதிரி இணைத்த பைன் பலகை, மேலே ட்வீட் துணி. பிளைவுட்டிலும் செய்யலாம், பின்பக்கம் பாதி திறந்தே இருக்க வேண்டும். ஒலிக்கு மட்டுமில்லை, வால்வின் சூடு வெளியேறவும். ட்வீட்டுக்குப் பதில் எந்தத் துணி ஒட்டினாலும் சத்தம் மாறாது. 8 அங்குல ஸ்பீக்கரில் அடித்தொனி குறைவு, நடுத்தொனி முன்னால் நிற்கும். இதுதான் இந்த ஆம்பின் குணம். வெளியே 12 அங்குல ஸ்பீக்கர் பெட்டி ஒன்றை மாட்டிப் பார்த்தால் 5 வாட்டா இது என்று கேட்பீர்கள். 4 ஓமாக இருக்கட்டும், உள் ஸ்பீக்கரைக் கழற்றிவிட்டு மாட்டுங்கள்.

ஃபீட்பேக்கைத் துண்டிக்கும் சுவிட்ச், முதல் கேதோடில் 25 மைக்ரோஃபாரட், டோன் குமிழ் என்று மாற்றங்கள் சொல்லும் ஆட்கள் நிறைய வருவார்கள். கொஞ்ச காலம் அசலையே வாசியுங்கள். வால்யூமைப் பாதிக்கு மேல் வைத்துவிட்டு, கிட்டாரில் இருக்கும் வால்யூமை மட்டும் திருப்பிப் பாருங்கள். குறைத்தால் தெளிவு, ஏற்றினால் உடைசல். அதன் பிறகும் டோன் குமிழ் வேண்டும் என்று தோன்றினால், டோனும் சேர்ந்தே வரும் பிரின்ஸ்டன் 5எஃப்2-ஏ சர்க்யூட்டைப் பாருங்கள். அதிலும் இதே மூன்று வால்வுதான். சேசிஸில் இன்னொரு ஓட்டை போட இடம் விட்டிருந்தால் போதும்.